கல்லறைத் தொரைக்குக் குடை மடக்கியவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வர, பதுளை பஸ்ஸை விட்டு இறங்கி வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத்தோட்டத்தைத் தாண்டி நடக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் அந்த வழியாக யாரும் தனியாக வருவதில்லை. செத்துப்போன பெரியதொரை அந்த நேரத்தில்தான் எழுந்து வேலை பார்க்கக் கிளம்புவார் என்று பேச்சு. பேயாகியும் அவருக்கு ஓய்வு கொடுக்க, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை வீரய்யாவுடையது. முழங்கால் வீங்கி மலை ஏற முடியாமல் போனபோது கிடைத்த வேலை. எதிரே தொரை வந்தால் குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்து, ரோட்டோரம் ஒதுங்கி நிற்பது தோட்டத்து வழக்கம். வீரய்யா அதைக் கல்லறையிலும் விடவில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் கேட்டுக்குள் குடையை மடக்கிக்கொண்டுதான் நுழைவார்.

"செத்துட்டா தொரை இல்லேன்னு ஆயிருமா, டீச்சரம்மா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி பெரியாயிக்கு இது பிடிக்காது. "எனக்கு ஒருநாள் குடை பிடிச்சதில்ல. செத்தவனுக்கு மடக்கிட்டு நனைஞ்சு வர்றாரு பாருங்க!" என்று குழாயடியில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவாள்.

எந்தக் கல்லில் எந்தத் தொரை என்பதில் வீரய்யாவுக்குச் சந்தேகமே கிடையாது. தோட்டத்தில் பெரிய பங்களா மேட்டில் இருக்கும். சின்னத்தொரை பங்களா அதற்குக் கீழே. கிளாக்கர் வீடு அதற்கும் கீழே. கல்லறையிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஆகவே மேட்டில் உயரமாக நின்ற பளிங்குத் தூண் பெரியதொரை. அதைச் சுற்றி ஒரு புல் முளைக்க விடமாட்டார். பக்கத்தில் போய் எழுத்தைப் பார்க்க மற்றவர்களுக்குத் தைரியம் இல்லை; அவருக்கோ எழுத்துத் தெரியாது. அடியில் கிடந்த தட்டைக் கல் கிளாக்கர் ஐயா. வீரய்யா அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார், கம்பளியைக் காயப் போடுவார். மற்றதெல்லாம் மானாப்புல்லுக்குள் மூழ்கிக் கிடந்தன.

அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபின் வந்த புதுத்தொரைக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. "செத்தவனுக்கு எதுக்குக் காவல்? நீ கான் வெட்டப் போ" என்றார். அந்தக் காலை வைத்துக்கொண்டு மலைச் சரிவில் கான் என்கிற வடிகால் வெட்டினால் வீரய்யா ஒரு மாதம் தாங்கமாட்டார். அந்தச் சமயத்தில்தான், முன்பு இங்கே பெரியதொரையாக இருந்து இறந்தவரின் பேத்தி சீமையிலிருந்து கல்லறை பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"அந்தம்மா சந்தோசப்பட்டா நீ இங்கேயே இரு. இல்லேன்னா காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல நில்லு" என்றார் தொரை.

பேத்தி வந்த அன்று பேச்சை மொழிபெயர்க்க என்னை அழைத்திருந்தார்கள். தூறலில் எல்லாரும் குடையோடு நின்றோம். வீரய்யா மட்டும் நனைந்துகொண்டு, தூணைக் காட்டி, "பெரியதொரை இங்கதாங்க" என்று கும்பிட்டார்.

நான் தூணில் வெட்டியிருந்ததை வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். 'ரூபர்ட். பதினொரு வருடம் என் பங்களாவைக் காத்த உத்தமமான நாய்.'

பெரியதொரையின் பெயர் கீழே, தட்டைக் கல்லில் இருந்தது. அதற்கு மேல் வெற்றிலைச் சாறு சிவப்பாக வழிந்திருந்தது, ஓரத்தில் கம்பளி. நாய்க்குக் கல் வைத்தவர் பெரியதொரை. பெரியதொரைக்குக் கல் வைத்தது தோட்டத்துக் கம்பனி.

புதுத்தொரை அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு வீரய்யாவைப் பார்த்தார்.

"கான்" என்றார்.

ஆனால் பேத்தி தாத்தாவின் பக்கம் திரும்பவே இல்லை. தூணைக் கட்டிப்பிடித்து விம்மிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா இந்த ரூபர்ட்டின் முதுகைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினாளாம். இத்தனை காலம் அதை இவ்வளவு சுத்தமாக வைத்திருந்த மனிதரின் கையைத் தொட வேண்டுமாம். தாத்தாவின் கல்லைக் காட்டினேன். ஒருமுறை எட்டிப் பார்த்து, "அவருக்கும் ரூபர்ட்தான் பெரிசு" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நாயிடம் போனாள்.

புதுத்தொரை தொண்டையைச் செருமினார். "சரி, இவன் இங்கேயே இருக்கட்டும். அந்தக் கீழ்க் கல்லையும் கழுவச் சொல்லுங்க."

கார் கிளம்பியபின் வீரய்யாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நாயிங்களா?"

"நாய்தான்."

"அந்தக் காலத்துல தொரை நாய் வந்தா கங்காணியே ஒதுங்கி நிப்பாருங்க. நான் மரியாதையில ஒண்ணும் தப்பா செஞ்சிரலையே?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெரியாயிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, டீச்சரம்மா."

நான் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பேத்தி அழுதபோது, இங்கிலீஷ் புரிந்த தொரையின் டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவருடைய கார் பெரியாயி இருக்கும் லயத்தைத் தாண்டித்தானே போக வேண்டும்.