டேப்பின் மறுமுனை

எங்கள் கம்பெனியில் என் மாமாவுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தவன் நான்தான். அவர் முன்னால் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும். நாற்காலி வாங்கப் போனாலும் சட்டைப்பையில் டேப் இருக்கும். கட்டில் வாங்கிய அன்று கடைக்காரர் சொன்ன அகலத்தை நம்பாமல் தானே அளந்து, அரை விரற்கடை கூடுதல் என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு தெருவில் போய் நின்றாள். கடைசியில் வேறு கட்டில் வந்தது. அது வீட்டுக் கதவில் உரசாமல் நுழைந்த கதையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் நீச்சல் குளங்களுக்குத் தானாக மூடிக்கொள்ளும் மூடி போடுகிறவர்கள். குளத்தின் ஒரு கோடியில் உருளை, அதில் சுற்றிய பிளாஸ்டிக் பட்டைகள். சாவியைத் திருப்பினால் மோட்டார் ஓடும், பட்டைகள் தண்ணீர் மேல் நகர்ந்து குளத்தை மூடும். முதலில் மாமா போய் அளப்பார். அந்த அளவுக்குப் பட்டைகள் வெட்டி வரும். நான் மாட்டுவேன். மறுநாள் மாமாவே வந்து பொருத்தம் சரிபார்ப்பார். பட்டைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க, அவரே இழைத்த இரண்டு விரல் தடிமனான மரத்துண்டு ஒன்று வைத்திருந்தார். அது எங்காவது உள்ளே நுழைந்தால் வேலை தேறவில்லை என்று அர்த்தம். பதினேழு வருஷத்தில் அவருடைய அளவு தப்பியதே இல்லை. என் வேலை தேறாத நாட்களோ எண்ணி மாளாது.

தேறவில்லை என்பதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் என்னவாம்? வீட்டுக்காரர்கள் எதிரிலேயே, "என்ன மாப்ள, கண்ண வீட்டுல வெச்சிட்டு வந்துட்டியா?" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். வேனில் ஏறியதும் பற்றிக்கொண்டு வரும். என்றைக்காவது இவர் மூக்கு உடையாதா என்று காத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். மாமாவுக்கு வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று அவருக்கு ஓர் எண்ணம். அளவில் ஒரே ஒரு புகார் வந்தாலும் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவேன் என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். மாமா அன்றைக்கு வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை, பின்னால் செய்ததை எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

ஒரு பல் டாக்டர் அம்மாவின் வீடு. பின்கட்டில் குளம், அதைப் பார்த்தபடி கண்ணாடிக் கதவு. அவருக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, மூடி போடுவதே அதற்காகத்தான். மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்தேன். தூரத்து மூலையில் இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என் முழுக் கையும் உள்ளே போனது. குளம் அந்தக் கோடியில் சற்று விரிந்திருக்கிறது, அளவுத் தாளிலோ மூன்று இடத்திலும் ஒரே எண். அளந்ததில் பிழை. மாமாவின் பிழை!

அப்போதே போன் செய்திருக்க வேண்டும். வேறு பட்டை வெட்டச் சொல்லி, காதும் காதும் வைத்த மாதிரி முடித்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? அளவுத் தாளின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, விசிலடித்தபடி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மாமா வந்தார். மூடியை இரண்டு முறை ஓட விட்டுக் காதைச் சாய்த்து மோட்டார் சத்தத்தைக் கேட்டார். முட்டி வலியோடு குனிந்து, சாணுக்கு ஒரு தரம் மரத்துண்டை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். டாக்டர் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். தூரத்து மூலையில் மரத்துண்டு உள்ளே போனது மட்டுமில்லை, கையை விட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"என்ன மாப்ள இது? தூங்கிட்டே மாட்டினியா?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். "எனக்குக் குடுத்த பட்டையத்தான் மாமா மாட்டினேன். அளந்தது யாருன்னு பாருங்க" என்று தாளை உருவி நீட்டினேன். டாக்டர் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

"என் பொண்ணோட கால் முழுசா உள்ள போகும் சார் இதுல" என்றார் அவர். "எப்படி அளந்தீங்க?"

மாமா தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தேன். தாளின் அடியில் இரண்டு கோடுகள் உண்டு. டேப்பைப் படித்தவர் ஒரு கோட்டில், மறுமுனையைப் பிடித்தவர் இன்னொன்றில் கையெழுத்துப் போட வேண்டும். தனியாக அளக்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம், மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. இரண்டாவது கோட்டில் இருந்தது என் கையெழுத்து. நான் போடாத என் கையெழுத்து.

தாளில் இருந்த தேதியைப் பார்த்ததும்தான் உறைத்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு நாள் காலை, நண்பன் வாங்கிய புது பைக்கை ஓட்டிப் பார்க்கும் ஆசையில் போன் செய்திருந்தேன். "உடம்பு முடியல மாமா, ஆபீஸ்ல சொல்லிடாதீங்க." அப்படி எத்தனையோ காலைகள். அது இந்த வீடு என்று எனக்கு நினைவே இல்லை. எனக்கு லீவு விழாமல் இருக்க அவரே எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எனக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாளை டாக்டர் அம்மாவிடம் நீட்டினார். தாளைத் தன் கையிலிருந்து விடாமல்தான் நீட்டினார். அவருடைய கட்டைவிரல் இரண்டாவது கோட்டின் மேல் இருந்தது.

"தப்பு என்னோடதுதாம்மா. டேப்பப் படிச்சது நான்."

"கூட யாரும் இல்லையா?"

"இருந்தாங்கம்மா. படிச்சது நான்தான்."

அதன்பிறகு அவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு படியில் இறங்கி மரத்துண்டை எடுத்தார். அந்த மூலைக்கு வலை கட்டினார். புதுப் பட்டை வரும்வரை கண்ணாடிக் கதவைப் பூட்டியே வைக்கச் சொன்னார். முடிச்சுப் போட நான் கை நீட்டியபோது கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார்.

வேனில் வெகுநேரம் கழித்து, "மாமா, அன்னைக்கு..." என்று இழுத்தேன்.

"அன்னைக்குக் காத்து ஜாஸ்தி மாப்ள. டேப் முனைல ஒரு பூந்தொட்டிய வெச்சேன். தொட்டி நகந்திருக்கும், நான் கவனிக்கல" என்றார். குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தொட்டியின் மேல் பழி போடுகிறவர் போலச் சொன்னார்.

புகார் போனது. டேப் ஸ்டோர் அலமாரிக்குப் போகவில்லை, என் சட்டைப்பைக்கு வந்தது, இப்போது அளப்பது நான். மாமா ஸ்டோரில் உட்கார்ந்து திருகாணிகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை அந்த அறை வாசல் வரை போனேன். மூன்று முறையும் திரும்பி வந்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"பதினேழு வருஷம் தப்பாத மனுஷன் எப்படிடா தப்புவாரு? மறுமுனையப் புடிச்சவன்தான் ஒழுங்கா புடிச்சிருக்க மாட்டான். யாருன்னு கேட்டா இவரு வாயே திறக்க மாட்டேங்கறாரு. நீ அங்கதானே இருக்க, உனக்குத் தெரியுமா?"

மாமா ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளைப் புரட்டும் சத்தம் நின்றது.

"தெரியாதுக்கா" என்றேன்.

"விடு, யாரோ ஒருத்தன்" என்றார் மாமா. "தம்பிக்கு ஃபேனப் போடு, வேர்க்குது பாரு."