மரக் கோபுரத்தின் நாலாவது கால்

காலை ஆறே காலுக்குக் காந்திபுரத்தில் ஏறி, கோபியில் பஸ் மாறி, அந்தியூரில் இறங்கும்போது மணி பத்து. பழைய கோட்டையின் காவல் கோபுரத்தைப் பழுதுபார்ப்பதைக் காண வந்திருந்தேன். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். "கோட்டைச் செவுரெல்லாம் போயிருச்சுங்க. மரக் கோபுரம் மட்டுந்தான் நிக்குது," என்றார் ஓட்டுநர்.

முப்பதடி உயரம். நாலு வேங்கை மரக் கால்கள். உச்சியில் காவல்காரர் நிற்கப் பலகைத் தளம். பழைய பாளையக்காரர் ஒருவர் கட்டியதாம். தெற்கே லேசாகச் சாய்ந்திருந்தது. உயரம் என்றாலே எனக்குக் கால் கூசும், கீழேயே நின்றுகொண்டேன்.

கோபுரத்தைச் சீர்செய்ய வந்திருந்த பொறியாளர் கலைவாணி கால்களைக் காட்டினார். ஒவ்வொன்றையும் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட். "மழைத்தண்ணி உள்ள நின்னு மரம் இத்துப்போச்சுங்க. இத்ததை வெட்டிட்டுப் புது மரம் சேர்க்கணும். விட்டா அடுத்த மழையில சாஞ்சிரும்."

கான்கிரீட்டை ஊற்றியவர் நாச்சிமுத்து. கோபுரம் நிற்பது அவருடைய தோட்டத்தில். "பலமா இருக்கட்டும்னு நாந்தானுங்க ஊத்துனேன்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். போர்வெல் போடவும் மகள் கல்யாணத்துக்கும் ஊர்க் காவல் சாமி கருப்பராயனிடம் பூக் கேட்டு உத்தரவு வாங்கியவர், இதற்கு மட்டும் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு எதற்கு உத்தரவு என்று நினைத்துவிட்டாராம்.

பதினொரு மணிக்குக் கருப்பராயன் முன்னால் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. "காலை வெட்டலாமா சாமி?" பூசாரி எடுத்தார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. ஊர் கலையத் தொடங்கியது. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். "சாமீ, வெட்டறத நான் கேக்குலீங்க. நான் ஊத்துனத நானே ஒடச்சுப்போடட்டுங்களா?"

வெள்ளை வந்தது.

லாரி ஜாக்கிகளால் கோபுரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். மாலை நாலு மணி வரை அவரே சம்மட்டி பிடித்தார், யாரையும் தொடவிடவில்லை. மூன்று கால்கள் பிழைத்திருந்தன. நாலாவதில் கான்கிரீட் விலகியதும் மரம் மாவாகக் கொட்டியது. அதை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு நாச்சிமுத்து விசும்பி அழுதார்.

கலைவாணி அந்தக் காலின் மேற்பகுதியைத் தட்டிப் பார்த்தார். "ஒரு முழத்துக்கு மேல கெட்டியா இருக்குதுங்க. காப்பாத்திரலாம்."

"வெட்டறதுக்கு இனி என்னங்க இருக்குது?" என்றார் பூசாரி. "அதுவே உழுந்துருச்சு. புது மரத்தச் சேருங்க."

திரும்பும் பஸ்ஸில் சூலூரில் இருக்கும் என் வீட்டு ஞாபகம் வந்தது. குப்பை சேராமல் இருக்கட்டும் என்று வாசல் வேப்பமரத்தின் அடி வரை சிமெண்ட் பூசி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மறுநாள் பல் துலக்கும் முன்பே கடப்பாரையைத் தேடினேன்.