ஐஸ் கொட்டகைக்குள் வந்த கணவாய்

மலாயாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஐஸ் என்றால் அந்நாளில் நான்தான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், மூட்டை தூக்கி வந்தவன், சொந்தமாக ஐஸ் கொட்டகை கட்டினேன். இரட்டைப் பலகைச் சுவர், நடுவே மரத்தூள், ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் தன் கை தனக்குத் தெரியாது. அப்படியொரு கொட்டகை அந்தப் பக்கத்தில் வேறு எவனிடம் இருந்தது?

அதனால்தான் அந்த வெள்ளைக்காரத் துரை, நாங்கள் துவான் என்று கூப்பிடுகிறவர், என்னைத் தேடி வந்தார். கடலடியில் தந்திக் கம்பி போடும் கப்பலில் வந்தவர். அறுந்த கம்பியை ஆழத்திலிருந்து இழுத்தபோது ஒரு கணவாய் மீனும் கூடவே வந்ததாம். அதைத் தொட்டித் தண்ணீரில் உயிரோடு வைத்திருந்தார். தண்ணீர் குளிர்ந்தே இருக்க வேண்டும், கப்பலிலோ ஐஸ் தீர்ந்துபோயிருந்தது.

பாசார் மீன் கடைகளில் நான் பார்க்காத கணவாயா? ஆனால் இது அந்த இனமே இல்லை. சாண் நீளம்தான். உடம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய கண். நான் எந்தப் பக்கம் போனாலும் அது என் பக்கமே இருந்தது.

துவான் மலாய் மொழியில் சொன்னார்: எல்லாரும் இதைச் செத்த நிலையில்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் திமிங்கிலத்தின் வயிற்றைக் கிழித்து. உயிரோடிருந்தால் இருட்டில் தானாக ஒளி விடுமாம். "இது சாவதற்குள் அந்த ஒளியை நான் பார்த்துவிட வேண்டும்."

என் மனைவியின் அண்ணன் என்னிடம் வேலை பார்த்தார். தொட்டியைச் சுற்றி ஐஸ் அடுக்கிக்கொண்டே முணுமுணுத்தார்.

"கறிக்கு ஆவாத சனியனுக்கு இம்புட்டு ஐஸா, மாப்ளே?"

"வாய மூடிட்டு அடுக்குங்க மச்சான்."

காலையிலிருந்து நாங்கள் இருவரும் உள்ளேயே இருந்ததால் எங்கள் கண் இருட்டுக்குப் பழகியிருந்தது. துவான் அப்போதுதான் வெயிலிலிருந்து வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணைச் சுற்றி நீலமாக ஒரு பொட்டு. பக்கத்தில் முத்து நிறத்தில் இன்னொன்று. அப்புறம் வயிற்றில் சிவப்பு. எரிகிற வெளிச்சம் இல்லை அது. தண்ணீருக்குள் யாரோ விழித்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

"துவான், வந்துவிட்டது!"

"எங்கே? என் கண்ணுக்கு இன்னும் இருட்டாகவே இருக்கிறதே. பொறு, பொறு..."

பொட்டுகள் மங்கி மங்கி மீண்டன. மச்சான் என் தோளைப் பிடித்தார்.

"மாப்ளே, உசுரு போவுது. தலமாட்டுல வெளக்கு இல்லாம எப்படி?"

நான் தடுப்பதற்குள் தீக்குச்சி உரசிவிட்டார். மடியில் வைத்திருந்த சூடம் பற்றி எரிந்தது. தொட்டி ஓரத்தில் அதை வைத்துக் கும்பிட்டார். அந்த வெளிச்சத்தில் துவானின் முகத்தைப் பார்த்தேன். வெளிச்சம் பட்டுக் கண்ணின் இருட்டுப் பழக்கம் கெடாதபடி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். கணவாய் வெளுத்து, கால்களை விரித்து மிதந்தது.

சூடம் அணைந்தது. மச்சானை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கதவைச் சாத்தினேன். துவான் தொட்டிமேல் குனிந்து மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நெடுநேரம் இருந்தோம். எனக்கு ஒரு பொட்டும் தெரியவில்லை. தண்ணீருக்குள் கை விட்டுப் பார்த்தேன். அது துணி மாதிரி துவண்டு கிடந்தது.

திடீரென்று துவான் குசுகுசுத்தார். "அதோ, நீலம். இப்போது சிவப்பு. உனக்குத் தெரிகிறதா?"

எந்தத் துரையிடமும் பொய் சொல்லிப் பிழைத்தவனில்லை நான். ஆனாலும், "தெரிகிறது, துவான்" என்றேன்.

அவர் சிரித்தார். கதவைத் திறந்து அதை வெளிச்சத்தில் காட்ட எனக்குத்தான் கை வரவில்லை.