வீட்டில் கேட்டீர்களா என்றவர்

காதர் சார் இறந்த செய்தி என்னை வந்தடைந்தபோது, அவரை எங்கே அடக்கம் செய்வது என்ற முடிவும் கூடவே வந்தது. குவைத்தின் ஃபஹாஹீல் சாலையில் சிக்னலுக்காக நின்றிருந்தேன். எங்கள் தமிழ் நண்பர்கள் குழுவின் தலைவர் செல்வமணி அண்ணன் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்: "காதர் சார் இன்று காலை மாரடைப்பால் காலமானார். உடலை ஊருக்கு அனுப்ப மையக்குழு ஏற்பாடு செய்கிறது." அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். அழுகை வருவதற்கு முன் பயம் வந்தது. ஊரில் இருக்கும் அவர் மனைவி ஜமீலா அக்காவிடம் யாராவது கேட்டார்களா?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காதர் சார் அதிராம்பட்டினத்துக்காரர். மங்காஃபில் அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லித் தந்தார். அதே பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். அமெரிக்காவில் கால் வைக்காதவர், வைக்க ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் அந்த நாட்டின் முதல் சில ஆண்டுகளைப் பற்றிப் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வது போலச் சொல்வார்.

மனிதர் பெரிய கவலைக்காரர். காரைப் பூட்டிவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். நாங்கள் கேலி செய்தால் கோபப்பட மாட்டார். "அந்த நாட்டை உண்டாக்குனவங்களும் பயந்தாங்கொள்ளிங்கதான் சார். ராஜா மேல பயம், கும்பல் மேல பயம், கடைசியில தங்கள் மேலயே பயம். அந்தப் பயத்தைத்தான் சட்டமா எழுதி வச்சாங்க" என்பார்.

ஒரு குளிர்காலத்தில் மங்காஃபில் பெருமழை பெய்து, கட்டிடங்களின் கீழ்த்தளம் எல்லாம் தண்ணீரில் மூழ்கியது. ஒரு கட்டிடத்தில் வண்டிகள் சும்மா நின்றன, அடுத்ததில் கைக்குழந்தைகளோடு தவித்தார்கள். யார் யாருக்கு உதவுவது என்று சொல்ல ஆளில்லை. அதன் பிறகுதான் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மையக்குழு வேண்டும் என்றார் செல்வமணி அண்ணன். முதலில் கை தூக்கியவர் காதர் சார். "அங்கயும் ஆரம்பத்துல இதே கதைதான். பதிமூணு மாநிலம், நடுவுல பேருக்கு ஒரு சபை. அதால ஒரு வரிகூடப் போட முடியாது, மாநிலங்கள்கிட்டக் கெஞ்சத்தான் முடியும். நடுவுல கொஞ்சம் பலம் வேணும்" என்றார்.

உடனே சண்டை வந்தது. தொழிலாளர் கேம்ப்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். தலைக்கு ஒரு ஓட்டு என்றார்கள். குடும்பக் கட்டிடங்கள் சிறியவை. கட்டிடத்துக்கு ஒரு ஓட்டு என்றார்கள். காதர் சார் விழுந்து விழுந்து சிரித்தார். "பெரிய மாநிலமும் சின்ன மாநிலமும் இப்படித்தான் முட்டிக்கிட்டாங்க. ரெண்டு சபை வச்சு முடிச்சாங்க, நாமளும் ரெண்டு வைப்போம்" என்று அன்று மதியம் பிரியாணி ஆறுவதற்குள் தீர்த்துவைத்தார்.

அதோடு விட்டாரா? மையக்குழு எதையெல்லாம் தொடக்கூடாது என்பதையும் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். செல்வமணி அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என் மேல நம்பிக்கை இல்லையா சார்?"

"உங்க மேல இருக்கு அண்ணே. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி மேலதான் இல்ல. கெட்டவன் கையில அதிகாரம் போனா எல்லாரும் உஷாராயிருவாங்க. நல்லவர் கையில இருக்கும்போதுதான் தூங்கிருவோம்."

அப்படி எழுதப்பட்டதுதான் அந்த விதி: மருத்துவம், திருமணம், மரணம் ஆகிய மூன்றிலும் சம்பந்தப்பட்டவரும் அவர் வீட்டாரும் சொல்வதே முடிவு, மையக்குழு உதவி செய்யும், தீர்மானிக்காது.

ஒருமுறை கேம்ப்பில் பெரம்பலூர்த் தம்பி ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு. பாவம் என்று மையக்குழு அவரை ஊருக்கு அனுப்ப டிக்கெட்டே எடுத்துவிட்டது. காதர் சார் என்னையும் இழுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் போனார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பி, "எங்க ஊருலேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு பஸ் மாறணும் சார். இங்கேயே பாத்துக்கறேன், யாரும் கேக்கலியேன்னு இருந்தேன்" என்றார். டிக்கெட் ரத்தானது. "நல்லது செய்யறதுக்கும் பெர்மிஷனா?" என்று செல்வமணி அண்ணன் பல நாள் முனகினார். அதற்குப் பிறகு கூட்டத்தில் எது பேசினாலும் காதர் சார் ஒரே கேள்விதான் கேட்பார்: "வீட்டுல கேட்டீங்களா?"

அவர் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் கேள்வியை நான் கேட்க வேண்டியதாயிற்று.

"இதுல கேக்க என்ன சார் இருக்கு? எந்தப் பொண்டாட்டி புருஷன் முகத்தைப் பாக்க வேணாம்பா?" என்றார் செல்வமணி அண்ணன். அழுது அழுது அவர் கண்கள் வீங்கியிருந்தன. இன்னொரு பக்கம் பள்ளிவாசல் நண்பர்கள், உயிர் போன மையித்தைக் காக்க வைக்கக் கூடாது, இன்றே அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பின் இங்கேயே அடக்கிவிடுவோம் என்றார்கள். என் மனம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் என் மனம் எந்தப் பக்கம் என்பதா முக்கியம்?

அதிராம்பட்டினத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டேன். செய்தி போய்ச் சேர்ந்த வீட்டில் போனை யார் எடுப்பார்கள்? "அனுப்பவும் முடியாம, அடக்கவும் முடியாமப் போச்சுன்னா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?" என்று அண்ணன் கேட்டார். நான் மூன்றாவது முறை எண்ணை அழுத்தினேன். ஒரு விதிக்காக ஒரு மனிதரைப் பிணவறையில் காக்க வைக்கிறேனோ என்று தோன்றியது.

மதியத்துக்கு மேல் அக்காவே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு, என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"தம்பி, அவங்களப் பொட்டியில போட்டு அனுப்பாதீங்க. பொட்டியில வச்சு எனக்குப் பாக்க வேணாம். ஆனா இன்னைக்கே அடக்கிராதீங்க. மவன் துபாய்லேர்ந்து வரட்டும். அவன் அவங்க முகத்தப் பாத்து எனக்குச் சொல்லணும். அது போதும்." பிறகு சொன்னார்: "ஊரே கூடி முடிவு பண்ணிருச்சுன்னு நெனச்சேன். கேட்டீங்களே."

எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அனுப்புவதா, அடக்குவதா என்று இரண்டே வழிக்குள் முட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா, நீங்க சொன்னபடியே" என்றார். பள்ளிவாசல் நண்பர்களும் மறுக்கவில்லை.

துபாயின் தேராவில் மசாலாக் கடையில் வேலை பார்க்கும் மகன் இர்ஃபானுக்கு நுழைவு அனுமதி கிடைக்குமா, விமானத்தில் இடம் கிடைக்குமா என்று மறுநாள் மதியம் வரை எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எல்லாம் கிடைத்து, விமானம் இறங்கியதும் இர்ஃபான் நேரே பிணவறைக்கு வந்தார். வெள்ளைத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார். "உம்மா, வாப்பா முகம் தெளிவா இருக்கு. புருவத்துல மட்டும் அந்தச் சுருக்கம் இருக்கும்மா. கதவப் பூட்டுனோமான்னு யோசிக்கிற மாதிரி." அந்தப் பக்கம் அக்கா சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. நான் அழுதேன்.

கபரஸ்தானில் குழி மூடும் நேரம். இருபது வருடமாக எங்கள் எல்லாருக்கும் தானே முன்நின்று எல்லாம் செய்து பழகிய செல்வமணி அண்ணன், கையில் மண்ணை அள்ளிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு இர்ஃபானின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் போடலாமா?"

இர்ஃபான் தலையசைத்தார். காதர் சார், கேட்டுவிட்டுத்தான் போட்டோம். கவலையை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.