பெல்ட் மடிப்பு இல்லாத சட்டை

என் அக்காவுக்கு எதிலும் சந்தேகம். பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். சலவைக் கடையில் பதினாறு வருடமாக இஸ்திரி போடுகிறாள். சட்டையைப் பார்த்தே ஆளின் வண்டவாளத்தைச் சொல்லிவிடுவாள். பக்கத்து மேசையில் நிற்கும் எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அன்று அவள் கையில் இருந்தது மாமாவின் சீருடை. மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், ஒரு கம்பெனியில் கார் ஓட்டுகிறவர்.

"ஏண்டி, இதைப் பாரு. பெல்ட் மடிப்பு எங்க?"

டிரைவர் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை சீட் பெல்ட் அழுத்திய கோடு ஒன்று விழும். தண்ணீர் தெளித்து அழுத்தினால்தான் போகும். ஒன்பது நாளாக அந்தக் கோடே இல்லையாம். முதுகு மட்டும் கசங்கியிருந்தது.

"பெல்ட் போடாம ஓட்டியிருப்பாரு."

"அவரா? காரைக் கழுவுறப்போகூடப் போட்டுக்கிற ஆளு! எவ வீட்டுலயோ சாஞ்சு உக்காந்துட்டு வராரு. அது மட்டும் உண்மைன்னு தெரியட்டும், பொண்ணைக் கூட்டிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா நிமிர்ந்துகூடப் பேசத் தெரியாத மனிதர்.

துணியைத் தண்ணீரில் போடுமுன் பைகளைத் துழாவுவது எங்கள் வேலையில் முதல் பாடம். மறுநாள் அவருடைய பேண்ட்டின் உள்பையில் எட்டாக மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. கோர்ட் முத்திரை. அக்கா கண்ணாடி கொண்டுவரவில்லை, நான்தான் படித்தேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றம். அபராதம். லைசென்ஸ் இரண்டு வருடத்துக்கு முடக்கம். அதற்குள் ஓட்டினால் ஜெயில்.

அக்கா சிரித்தேவிட்டாள். "அட, இவ்வளவுதானா! நான்கூட என்னவோன்னு பயந்துட்டேன்."

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. "இரண்டாவது முறை என்பதால் தண்டனை கூட்டப்படுகிறது."

"இன்னொரு தடவை படி," என்றாள். படித்தேன்.

சாயங்காலம் சட்டை வாங்க மாமா கடைக்கு வந்தார். அக்கா காகிதத்தை மேசைமேல் விரித்து வைத்தாள். அவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"பார்க்லதான் உக்காந்திருந்தேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"அது கிடக்கட்டும். முதல் தடவை எப்போ?"

"அது பழைய கதை. அப்போ வெறும் அபராதம்தான்."

"எப்போன்னு கேட்டேன்."

"பாப்பா பொறந்து, ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தேனே... வீட்டுல விட்டுட்டுத் திரும்புறப்போ பிடிச்சுட்டாங்க."

அந்தப் பயணத்தை எனக்குத் தெரியும். கார் ஊர்ந்து ஊர்ந்து வந்ததாம். பெண்மேல் அவருக்கு அவ்வளவு பாசம் என்று பதினோரு வருடமாக அக்கா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"அன்னிக்கு ஏன் அவ்வளவு மெதுவா ஓட்டினீங்க?"

மாமா தரையைப் பார்த்தார். "ரோடு ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது."

அக்கா இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். என் பக்கம் திரும்பி, "உன் வீட்டுச் சாவியைக் கொடு," என்றாள்.