கீழே இருப்பவர் கூப்பிட வேண்டும்

வேலுசாமி மனைவியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே ஒன்றும் கொடுத்தார். குதிகால் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். இல்லை. பக்கவாதத்தில் விழுந்த வெள்ளைத்தாய்க்குப் பேச்சும் போய்விட்டது. மகள் ஓசூரில் இருக்கிறாள். ராஜபாளையத்து வீட்டில் பேசக்கூடியவர் இவர் ஒருவர்தான். அதனால் பேச்சே கிடையாது.

ஞாயிறு காலை மட்டும் உண்டு. ராணுவத்தில் இருந்தபோது லே முகாமில் பழகிய ஸ்டான்சினோடு போனில் பேசுவார். ஸ்டான்சின் லடாக்காரர். உறைந்த குளத்தின்மேல் அவர்கள் ஐஸ் ஹாக்கி ஆடுவார்கள். சறுக்க வராத வேலுசாமியைக் கோலுக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். தோற்ற அணி பனியை உருக்கி ஜெயித்தவர்களுக்கு டீ போட வேண்டும். அநேகமாக வேலுசாமிதான் போட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு அமெரிக்கா, கனடாவில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் லீக்கை இருவரும் செல்போனில் பார்க்கத் தொடங்கினார்கள். கோல் போட்டவனுக்கு ஒரு புள்ளி. அதற்கு முன்னால் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொடுத்த இரண்டு பேர் வரைக்கும் ஆளுக்கொரு புள்ளி. சீசன் தொடங்கும்போது ஆளுக்கு ஒரு வீரனைப் பிடித்துக்கொள்வார்கள். எவருடைய ஆள் புள்ளிப் பட்டியலில் கீழே இருக்கிறானோ அவர்தான் ஞாயிறு காலை கூப்பிட வேண்டும். டீக்குப் பதில் போன்.

இந்தச் சீசனில் வேலுசாமிக்கு ஒரு ஃபின்லாந்துக்காரன், ஸ்டான்சினுக்கு ஒரு கனடாக்காரன். சித்திரை பிறந்த கையோடு ஆட்டங்கள் முடிந்தன. இரண்டு பேருக்கும் சமமான புள்ளி. கோல் அதிகம் என்பதால் பட்டியலில் ஃபின்லாந்துக்காரன் பெயர் மேலே நின்றது. வேலுசாமி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இனிப் புரட்டாசிக் கடைசியில்தான் அடுத்த சீசன். அதுவரைக்கும் கூப்பிட யாருக்கும் காரணமில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டு மாரிச்செல்வியை உட்காரவைத்துவிட்டுப் பேண்டேஜ் துணி வாங்கப் போனவர், முத்துராமலிங்கத்தின் டீக்கடையில் நின்றார். முகவாட்டத்தைப் பார்த்துக் கடைக்காரர் கேட்க, விஷயத்தைச் சொன்னார். பனியில் வழுக்கி விழுவதற்கெல்லாம் புள்ளி போடுகிறார்களா என்று முதலில் கேலி செய்த முத்துராமலிங்கம், பிறகு கிளாஸைக் கழுவியபடியே கேட்டார்.

“அண்ணாச்சி, உங்க சிநேகிதர் படுக்கையில கிடந்தா எப்படிக் கூப்பிடுவாக? நீங்க ஒரு போனைப் போட்டா என்ன?”

“ஜெயிச்சவன் டீ போடக் கூடாதுல்லா.”

“அப்பம் ஜெயிச்சுக்கிட்டே இருங்க.”

வேலுசாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை வெள்ளைத்தாய்க்கு உடம்பு துடைத்து, மடிப்புகளில் ஈரம் போக ஒற்றியெடுத்து, கஞ்சி புகட்டினார். கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே ஸ்டான்சின் எடுத்துவிட்டார்.

“தோத்துட்டேன்யா,” என்றார் வேலுசாமி இந்தியில்.

“அதைச் சொல்ல இம்புட்டு நாளா? ரெண்டு ஞாயிறா போனைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். சமமான புள்ளிதான். ஆனா என் ஆளு காயம்பட்டு உட்கார்ந்தவன், குறைஞ்ச ஆட்டத்துலயே எடுத்துட்டான். அப்போ அவன்தானே மேலே?”

ஆட்டக் கணக்குக்கு முன்னால் கோல் கணக்கைத்தான் பார்ப்பார்கள் என்பது வேலுசாமிக்குத் தெரியும். வாய்வரை வந்தது.

“உன் ஆளுதான் மேலே,” என்றார்.

ஸ்டான்சின் கெக்கலித்துவிட்டு, கனடாக்காரன் போட்ட கோல்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மனைவியைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரமாகியிருந்தது. வேலுசாமி ஸ்பீக்கரைப் போட்டுப் போனைத் தலைமாட்டில் வைத்தார். பிறகு வெள்ளைத்தாயின் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து வலப்பக்கம் திருப்பினார்.