சுத்தியல் தன் ஜீப்புக்கு உள்வேலை பார்த்த கதை

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கல்குவாரியில் ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். சுத்தியல் என்று சொன்னால்தான் ஆள் தெரியும். முதலில் அடி, பிறகு பேச்சு என்பது அவன் வழக்கம். லோடு ஏற்றும் வரிசையில் குறுக்கே புகுந்த ஒரு லாரிக்காரனைக் கதவைத் திறந்து தரையில் இழுத்துப் போட்டு, முன்பல்லைப் பெயர்த்ததில் வந்த பட்டப்பெயர் அது. பல் போனவன் மட்டும் சும்மா இருந்தானா? ஜாக்கிக் கம்பியை எடுத்துச் சுத்தியலின் விலாவில் ஒரு போடு போட்டான். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"நான் ஒண்ணு குடுத்தேன், அவன் ஒண்ணு குடுத்தான். சரியாப் போச்சு" என்று விலாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தான் சுத்தியல்.

அவன் வளர்ந்த வீடு அப்படி. அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றி விளாசிவிட்டு, வீங்கின இடத்துக்குத் தன் கையாலேயே எண்ணெய் தடவிவிடுவார். அடித்தவரே தடவிவிட்டால் விவகாரம் முடிந்தது, அதற்கப்புறம் அழக்கூடாது. அழுதால் அதற்கு வேறு தனியாக விழும்.

சரி, குவாரிக்காரர்களுக்குள் இந்த நியாயம் செல்லும். திருப்பி அடிக்காத ஒருத்தியிடம் இது எப்படிச் செல்லும்? அதை மட்டும் அந்தப் படுபாவி யோசித்ததே இல்லை. பெண்டாட்டியை அடிப்பான், மறுநாள் ஒரு புடவையோடு வந்து நிற்பான். சரியாப் போச்சு. அவள் பெட்டியில் புடவைக்குக் குறைவே இல்லை என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். எந்தப் புடவை எந்த வீக்கத்துக்கு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அடிப்பதற்கு அவனுக்கு ஓர் இடம் இருந்தது. குவாரியில் ஓட்டித் தேய்த்து ஏலத்தில் தள்ளிய பழைய ஜீப்பு, மேட்டிலும் பள்ளத்திலும் ஆடு மாதிரி ஏறி இறங்கும், அதை அவன் வாங்கி வைத்திருந்தான். வீட்டில் கை ஓங்கினால் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மெக்கானிக் சுவருக்கு மேலே தலையை நீட்டுவான். ஜீப்பில் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விட்டால் கேட்பதற்கு நாதி இல்லை. கடைசியாக அடித்த அன்று அவள் பின்னந்தலையைப் பிடித்து டேஷ்போர்டில் மோதினான். டேஷ்போர்டு குறுக்கே வெடித்தது. தடுக்கப் போன அவள் மணிக்கட்டும் முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை.

அண்ணன் மரமில்லில் வேலை செய்கிறவர். தேக்குத்தடியைத் தனியாளாகப் புரட்டுகிற உடம்பு. கூப்பிடப் போன சுத்தியலை வாசலிலேயே நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார். உள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"அந்த ஜீப்ப நெனச்சாலே கொல நடுங்குது. அதுக்குள்ள இனிமே நான் ஏற மாட்டேன். அவர போகச் சொல்லுண்ணா."

தலைக்குள் ஏதாவது இருக்கிற எவனுக்கும் இது என்ன பேச்சு என்று புரிந்திருக்கும். நம் ஆளுக்கு என்ன புரிந்தது தெரியுமா? ஜீப்பின் உள்பக்கம் சரியில்லை!

சிரிக்காதீர்கள். அவன் மனதார அப்படித்தான் நினைத்தான். அவள் போனதிலிருந்து அவனுக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை, அதில் பொய்யில்லை. காலியான சமையலறையில் நின்று, எங்கே உப்பு, எங்கே மிளகாய்த்தூள் என்று தெரியாமல் டப்பாக்களைத் தரையில் வீசி அடித்தவன்தான் அவன். அவள் வர வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. குவாரிக்கு லீவு சொல்லிவிட்டு, ஜீப்பை வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரைக்கடியில் நிறுத்தி, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்க ஆரம்பித்தான்.

சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. ஸ்பேனர் வழுக்கியது, முட்டி தகரத்தில் கிழிந்தது. அவன் போல்ட்டைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், அதன் அம்மாவையும் திட்டினான். அப்புறம் சம்மட்டியை எடுத்துக்கொண்டான். தெருவே அதிர்ந்தது. சீட்டைப் புரட்டியதும் ஸ்பாஞ்சுக்குள் கூடு கட்டியிருந்த பெருச்சாளி ஒன்று அவன் மேல் பாய்ந்தது. அதே சம்மட்டியால் அதைத் தரையோடு தரையாக அடித்து, செத்த பிறகும் அடித்தான். கை ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினான்.

தரையில் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பைக் கத்தியால் நெம்பி உரித்தபோது கண்ணாடி வளையல் துண்டுகள் கிடைத்தன. பச்சை, சிவப்பு, நீலம் என்று பல நிறம், ஒரே நாளில் உடைந்தவை அல்ல. ஒன்றில் தலைமுடி சுற்றியிருந்தது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு சுத்தியல் கொஞ்ச நேரம் குந்தியிருந்தான். அவனுக்கு நெஞ்சை ஏதோ செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் முறத்தில் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டான். அவள் உட்காரும் சீட்டின் ஸ்பாஞ்சில் பழுப்பாகப் பெரிய கறை ஒன்று ஊறியிருந்தது. அந்த இடத்தை மட்டும் சதுரமாக அறுத்தெடுத்து எரித்தான். எரிந்த நாற்றத்தில் மெக்கானிக் இருமிக்கொண்டே சுவருக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்ன சுத்தியலு, பொண்டாட்டிய அடிச்ச வண்டிக்கு மேக்கப்பா?"

அடுத்த நொடி மெக்கானிக்கின் கழுத்து சுத்தியலின் பிடியில் இருந்தது. சுவர்மேல் பாதி, சுவருக்கு இந்தப்பக்கம் பாதி என்று தொங்கினான் பாவம். கண் பிதுங்கி, முகம் கறுத்தது. என்ன நினைத்தானோ, சுத்தியல் சட்டென்று விட்டுவிட்டான்.

"பாத்தியா, விட்டுட்டேன். முன்ன மாதிரின்னா விட்டிருப்பேனா? நான் மாறிட்டேன்யா. அவகிட்ட போய்ச் சொல்லு" என்றான்.

மெக்கானிக் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, சொல்கிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. தரைத் தகரத்தில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தான், புது ரப்பர் விரித்தான். டேஷ்போர்டின் வெடிப்புக்குள் பட்டிப் பசையைத் திணித்து, உப்புத்தாளால் இழைத்து, மேலே கறுப்பு ரெக்சினை இழுத்து ஒட்டினான். விரலால் தடவினால் வெடிப்பு இருந்த இடமே தெரியாது. சீட்டுக்குச் சந்தன நிறத்தில் ரெக்சின். அவளுடைய தையல் மெஷினில் கொடுத்துப் பார்த்தான், ஊசி உடைந்தது. மெஷினை ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு, கோணி ஊசியை வாங்கிக் கையாலேயே தைத்தான். ஊசி ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஒரு வசவு. கட்டைவிரலெல்லாம் பொத்தல். ஆனால் தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இவ்வளவு பொறுமை இவனுக்கு எங்கே இருந்தது, இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

வேலை முடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜீப்பை மச்சான் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். ஆரனை ஒரு தடவை மெதுவாக அடித்தான்.

அண்ணன் வெளியே வந்தார். அவர் பின்னாலேயே, கட்டுப் பிரித்த கையோடு அவளும் வந்தாள். சுத்தியல் அவள் பக்கத்துக் கதவை அகலத் திறந்து பிடித்தபடி, "பாரு. உள்ள ஒண்ணுகூடப் பழசு இல்ல. எல்லாம் உனக்காகத்தான்" என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள். சீட்டின் தையலை விரல் நுனியால் தொட்டாள். அவன் கட்டைவிரலையும் பார்த்தாள்.

"எல்லாம் நீங்களேவா தச்சீங்க?"

"பின்ன?"

அவள் முகம் ஒரு கணம் இளகிவிட்டது. அடிபட்டவளுக்கு மனசு மட்டும் கல்லாகவா இருக்கும்?

"உக்காந்து பாத்துட்டு எறங்கிடு" என்றார் அண்ணன்.

"தெருமுனை வரைக்கும் ஒரே ஒரு ரவுண்டு, மச்சான். உங்க கண்ணு முன்னாடிதான்" என்று கெஞ்சினான் சுத்தியல். அவள் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஏறினாள். சுத்தியல் வெளியிலிருந்து கதவைப் பதமாகச் சாத்தினான், சுற்றி வந்து ஏறி வண்டியைக் கிளப்பினான்.

தெருமுனை வந்தது. வண்டி திரும்பவில்லை. அவன் திட்டம் போட்டுச் செய்தானா என்றால் இல்லை. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், கை தானாக வீட்டுப் பாதையில் ஒடித்துவிட்டது.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்குத்தான். சோறு வடிச்சு வச்சிருக்கேன். வா, சாப்ட்டுட்டுப் பேசிக்கலாம்."

"திருப்புங்க. அண்ணன் நிக்குது."

"மச்சானுக்கு நான் சொல்லிக்கிறேன்."

"நிறுத்துங்க, நான் எறங்கறேன்" என்று அவள் கதவுப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். கை வழவழவென்று ரெக்சினில் ஓடியது. மேலே, கீழே, மறுபடி மேலே. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

"கைப்பிடி எங்க?" என்றாள். குரல் மாறிவிட்டிருந்தது.

"எந்தக் கைப்பிடி?" என்று நிஜமாகவே கேட்டான் அவன்.

அவள் முன்பு ஒருமுறை இதே ஜீப்பிலிருந்து தப்பி ஓடியிருக்கிறாள். ரயில் கேட்டில் வண்டி நின்றபோது கதவைத் திறந்து குதித்து ஓடினாள். பிடித்து வந்த அன்றைக்கே அவன் அந்தக் கதவின் உள்கைப்பிடியையும் கண்ணாடி இறக்குகிற கைப்பிடியையும் கழற்றி எறிந்து, ஓட்டைகளை மூடி ரெக்சின் ஒட்டிவிட்டான். அதற்கப்புறம் அந்தக் கதவை வெளியிலிருந்து அவனே திறப்பான், அவனே சாத்துவான். அவனுக்கு அது கதவின் இயல்பாகவே ஆகிப்போனது. இப்போது உள்வேலை பார்க்கும்போது பழைய கதவு அட்டையைக் கழற்றிப் புது அட்டைமேல் வைத்து, பென்சிலால் கோடு இழுத்து அப்படியே வெட்டினான். பழையதில் ஓட்டை இல்லை, புதியதிலும் இல்லை. சுற்றிலும் இரட்டைத் தையல் வேறு போட்டிருந்தான். எல்லாம் புதுசு என்று அவன் சொன்னதை நம்பி, அதுவும் இருக்கும் என்று அவளும் ஏறிவிட்டாள்.

"அட, மறந்தே போச்சு! நாளைக்கே போட்டுடறேன்" என்றான். வண்டியை நிறுத்தவில்லை.

அவள் கத்தினாள். பாதி மூச்சில் அடைத்துக்கொண்டு, அறுபடுகிற ஆடு மாதிரி கத்தினாள். தோளால் கதவை இடித்தாள், கண்ணாடியைக் குத்தினாள், அப்புறம் திரும்பி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தாள். "விடுடி!" என்றான் அவன். அவள் அவன் கையைக் கடித்தாள். பல் எலும்பில் போய் நின்றது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் அவனைத் திருப்பிக் காயப்படுத்தினாள். அவன் கை தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. புறங்கையால் ஓங்கி அவள் முகத்தில் அறைந்தான்.

வண்டி ஓரமாக ஏறி விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. அவள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மோவாய், ரவிக்கை, மடி, சந்தன நிறச் சீட்டு என்று எல்லா இடத்திலும் ரத்தம்.

சுத்தியல் பதறிப்போனான். பதறி, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து துடைக்கிற துணியை எடுத்து, அவசர அவசரமாகச் சீட்டைத் துடைத்தான்.

"ஐயோ, ரெக்சின்ல ஊறிட்டா போகாதுடி" என்றான்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தாள். கத்தல் நின்றுவிட்டது. எழுந்து, கியர்க் கம்பியைத் தாண்டிக் கால் வைத்து, அவன் மடியில் மிதித்து, தோளில் மிதித்து, குறுக்கே வந்த அவன் முகத்தைக் கையால் தள்ளிவிட்டு, அவன் பக்கத்துக் கதவைத் திறந்து அவன்மேல் ஏறியே ரோட்டில் குதித்தாள்.

அண்ணன் தெருமுனையிலிருந்தே ஓடி வந்துகொண்டிருந்தார். கையில் சவுக்குக் கட்டை. பின்னால் பத்துப்பேர். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கட்டையைத் தலைக்கு மேல் ஓங்கினார். சுத்தியல் இறங்கி ஓடவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை. தலையைக் குனிந்து கொடுத்தான்.

"அடிங்க மச்சான். தப்பு எம்மேலதான். நல்லா அடிங்க" என்றான். அடி விழட்டும், விழுந்தால் சரியாகிவிடும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அவன் உடம்பு முழுக்கக் காத்திருந்தது.

அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ணா. நீ ஒண்ணு போட்டா, சரியாப் போச்சுன்னு நாளைக்குக் காலைல நம்ம வாசல்ல வந்து நிப்பான்."

"இவன சும்மா விடச் சொல்றியா?"

"ஆமா. இதுல ஒண்ணும் சரியாப் போக வேணாம்."

அண்ணன் ஓங்கிய கட்டையைக் கீழே இறக்கி, தங்கையின் தோளில் துண்டைப் போட்டு, அவளை அணைத்து நடத்திக்கொண்டு போனார். கூட வந்தவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருவன்கூட ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை.

"மச்சான்! அடிச்சிட்டுப் போங்க மச்சான்!" என்று சுத்தியல் பின்னாலிருந்து கத்தினான். "யாராவது ஒருத்தர் அடிங்கடா!"

அவர்கள் தெருமுனையில் திரும்பி வீட்டுக்குள் போனார்கள். அவன் ரத்தத் துணியோடு ஸ்டீயரிங் முன்னால், குனிந்த தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தான்.